ரிக்கார்டோ சொன்ன ஒயினும் சொல்லாமல் விட்ட கதையும்

பி.காம் படிக்கும் எல்லோருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். இங்கிலாந்தில் துணி நெய்ய 100 ஆட்கள், ஒயின் தயாரிக்க 120 ஆட்கள். போர்ச்சுக்கலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. இரண்டிலுமே போர்ச்சுக்கல்தான் கெட்டி. ஆனாலும் அது ஒயினை மட்டும் செய்து, துணியை இங்கிலாந்திடம் வாங்கினால் இரண்டு பேருக்கும் லாபம். டேவிட் ரிக்கார்டோ 1817இல் எழுதிய கணக்கு இது. கம்பேரட்டிவ் காஸ்ட் தியரி, பத்து மார்க் கேள்வி.

போன செமஸ்டரில் இதை நடத்தியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், ஏன் போர்ச்சுக்கல்? ஒயின்னா பிரான்ஸ்தானே?" வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார். எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. நல்ல கேள்விதானே? நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். கிடைத்ததைச் சொல்கிறேன்.

சரி, கதைக்கு வருவோம்.

இங்கிலாந்துப் பணக்காரர்கள் விரும்பிக் குடித்தது பிரெஞ்சு ஒயினைத்தான். ஆனால் பிரான்சோடு அவர்களுக்கு ஓயாத சண்டை. 1678இல் பிரெஞ்சு ஒயினுக்கு இங்கிலாந்து நாடாளுமன்றம் தடையே போட்டது. பிறகு தடை போய் கடும் வரி வந்தது. சரக்கு வேறு எங்கிருந்தாவது வர வேண்டுமே? வியாபாரிகள் போர்ச்சுக்கலின் வடக்கே, டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். மலைச்சரிவில் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். ஆற்றில் படகில் இறக்கினால் கடலோரம் போர்ட்டோ நகரம். 'போர்ட்' ஒயினுக்குப் பெயர் வந்தது இந்த ஊரிலிருந்துதான்.

1703 டிசம்பரில் ஜான் மெத்துவென் என்ற ஆங்கிலத் தூதர் லிஸ்பனில் ஓர் ஒப்பந்தம் போட்டார். மூன்றே ஷரத்துகள். போர்ச்சுக்கல் தான் தடுத்து வைத்திருந்த ஆங்கிலக் கம்பளித் துணியை மறுபடி உள்ளே விட வேண்டும். பதிலுக்கு, பிரெஞ்சு ஒயினுக்கு என்ன வரியோ அதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் போர்ச்சுக்கல் ஒயினுக்கு இங்கிலாந்து வாங்கும். ஸ்பெயின் வாரிசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிரான்சின் பக்கம் சாய்ந்திருந்த போர்ச்சுக்கல் அதே ஆண்டில்தான் இங்கிலாந்தின் பக்கம் வந்தது.

ஆக, கடைசி பெஞ்சு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இங்கிலாந்து போர்ச்சுக்கல் ஒயினைக் குடித்ததற்குக் காரணம் 80 ஆட்கள் கணக்கு இல்லை. போரும் சுங்க வரியும்தான். தடையில்லா வணிகத்துக்கு உதாரணமாக நாம் படிப்பது, வரிச் சலுகையில் பிறந்த ஒரு வியாபாரம்!

துணி பக்கம் என்ன ஆனது? எரிசெய்ரா பிரபு என்ற அமைச்சர் 1670களிலிருந்து போர்ச்சுக்கலில் துணித் தொழிலை வளர்க்கப் பாடுபட்டார். வெளிநாட்டுத் துணியைத் தடுத்தது அதற்காகத்தான். அவர் 1690இல் இறந்தார். அதே பத்தாண்டில் போர்ச்சுக்கலின் காலனியான பிரேசிலில் தங்கம் கிடைத்தது. கையில் தங்கம் இருக்கும்போது யார் கஷ்டப்பட்டு நெய்வார்கள்? ஆங்கிலத் துணி குவிந்தது. ஒயின் விற்ற காசு அதற்குப் போதவில்லை. மீதியைத் தங்கமாகக் கொடுத்தார்கள். போர்ச்சுக்கலின் தங்க நாணயங்கள் இங்கிலாந்துக் கடைகளில் சாதாரணமாகப் புழங்கின. அந்தத் தங்கத்தைத் தோண்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். ரிக்கார்டோவின் அட்டவணையில் அவர்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இனி ஒயின். கப்பலில் போகும்போது கெட்டுவிடக் கூடாது என்று ஆரம்பத்தில் ஒயினில் கொஞ்சம் பிராந்தி சேர்த்தார்கள். பிறகு அதுவே செய்முறையாகிவிட்டது. விஷயம் எளிது. திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்குகிறது. பாதி வழியில் திராட்சையிலிருந்து காய்ச்சிய சாராயத்தை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். சர்க்கரை மீதி நிற்கும். அதனால்தான் போர்ட் இனிப்பு. சாதாரண ஒயினில் ஆல்கஹால் 12 முதல் 14 சதவீதம் என்றால் இதில் சுமார் 20.

கிராக்கி ஏறினால் கலப்படமும் ஏறும், அது எந்த ஊராக இருந்தாலும். நிறம் கெட்டியாகத் தெரிய எல்டர்பெர்ரி சாற்றைக் கலந்தார்கள். பெயர் கெட்டது, விலை சரிந்தது. அப்போது அதிகாரத்தில் இருந்தவர் பின்னாளில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்றவர். 1755 நிலநடுக்கத்தில் இடிந்த லிஸ்பனைத் திரும்பக் கட்டியவரும் இவர்தான். 1756இல் அவர் டூரோ ஒயினுக்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். எந்த நிலத்துத் திராட்சை போர்ட்டுக்கு ஆகும் என்று எல்லை வரைந்து, கருங்கல் தூண்கள் நட்டார்கள். 300க்கும் மேல். சில இன்றும் நிற்கின்றன. எல்டர்பெர்ரி செடிகளைப் பிடுங்கி எறியச் சொல்லி உத்தரவு. சட்டம் போட்டு ஒயினுக்கு எல்லை வகுத்த உலகின் மிகப் பழைய இடங்களில் ஒன்று டூரோ. நம்ம டார்ஜிலிங் தேயிலைக்கு இன்று இருக்கும் புவிசார் குறியீட்டின் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் அந்தக் கம்பெனி சாமானியனையும் கடித்தது. போர்ட்டோ நகரக் கடைகளில் ஒயின் விற்கும் உரிமையையும் அதற்கே கொடுத்துவிட்டார்கள். 1757 பிப்ரவரியில் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். 'குடிகாரர் கலகம்' என்று பெயர் வைத்தார்கள். அரசாங்கம் பலரைத் தூக்கில் போட்டது. பாட்டிலில் "தரம்" என்று படிக்கும்போது எனக்கு இதுவும் ஞாபகம் வருகிறது.

என் அண்ணன் ஒரு முறை கோவாவிலிருந்து 'போர்ட் ஒயின்' என்று எழுதிய பாட்டில் ஒன்று வாங்கி வந்தான். இரண்டு மடக்கு குடித்துப் பார்த்தேன். இருமல் டானிக் :-) அது கோவாவின் பழைய பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். டூரோவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

உண்மையான போர்ட் பாட்டில் கையில் கிடைத்தால் லேபிளை இப்படிப் படிக்கலாம். 'ரூபி' என்றால் இளசு, சிவப்பு, பழ வாசனை, விலையும் குறைவு. 'டானி' என்றால் மரப் பீப்பாயில் பல வருஷம் கிடந்து பழுப்பேறி, பருப்பு வாசனை பிடித்தது. 10, 20 என்று லேபிளில் வயது போட்டிருக்கும். 'வின்டேஜ்' என்பது நல்ல விளைச்சல் ஆண்டில் மட்டும் எடுப்பது. சுமார் இரண்டு வருஷம் மரத்தில், மீதிக் காலம் பாட்டிலுக்குள். முப்பது நாற்பது வருஷம்கூட வைப்பார்கள். அடியில் வண்டல் தங்கும், வடித்துத்தான் ஊற்ற வேண்டும். முதல் முறை என்றால் ரூபியோ டானியோ போதும். சின்ன கிளாஸில், மெதுவாக. ஆல்கஹால் அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு குட்டித் தகவல். மேலே 'பீப்பாய்' என்று எழுதினேன் அல்லவா? அந்தச் சொல்லே போர்ச்சுக்கீசியர் நமக்குக் கொடுத்தது. அவர்கள் மொழியில் 'பிப்பா'. போர்ட் ஒயினை இன்றும் அந்த அளவில்தான் எண்ணுகிறார்கள், டூரோவில் ஒரு பிப்பா 550 லிட்டர். சாவி, ஜன்னல், அலமாரி மாதிரி இதுவும் கப்பலில் வந்த சொல்.

கடைசியாக, யாருக்கு லாபம்? இதில் பெரிய தலைகளே ஒத்துப்போகவில்லை. ஆடம் ஸ்மித் 1776இல், மெத்துவென் ஒப்பந்தம் போர்ச்சுக்கலுக்குத்தான் சாதகம், இங்கிலாந்துக்குப் பாதகம் என்றார். ஃபிரெடரிக் லிஸ்ட் 1841இல் நேர் எதிராக, அது போர்ச்சுக்கலின் தொழிலையே அழித்தது என்றார். ஒப்பந்தத்தைவிட பிரேசில் தங்கம்தான் பெரிய காரணம் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. எனக்கு மூன்றாவதுதான் நம்பும்படி இருக்கிறது. தங்கம் தீர்ந்த பிறகுதான் நெசவு இல்லாத வலி தெரியும்.

ரிக்கார்டோவின் கணக்கு தப்பு என்று சொல்லவில்லை. இங்கிலாந்துக்கு 20 ஆள் உழைப்பு மிச்சம், போர்ச்சுக்கலுக்கு 10. கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. ஆனால் நெய்வதை விட்ட 90 பேரும் மறுநாளே திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள் என்று அது சும்மா எடுத்துக்கொள்கிறது. என் ஊரில் தறியை விற்றுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அவ்வளவு சுலபமாக யாரும் மாறவில்லை.

பரீட்சையில் 100, 120, 90, 80 என்றுதான் எழுதப்போகிறேன், மார்க் வேண்டுமே! ஆனால் அந்தக் கடைசி பெஞ்சு நண்பனுக்கு ஒரு டீ கடன் வைத்திருக்கிறேன். உங்கள் கருத்து என்ன? சொல்லுங்கள், பேசுவோம்.