மௌரித்தானியா: ஒரே சமயம், பிளவுண்ட சமுதாயம்

ஒரே சமயத்தைப் பின்பற்றுவோரிடையே இனப்பகை நிலைத்திராது என்பது பலருடைய எண்ணம். சகாராவின் மேற்கு ஓரத்திலுள்ள மௌரித்தானியாவின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கிறது. அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய அனைவரும் இசுலாமியர். ஆயினும் அவர்களிடையே இரத்தம் சிந்தப்பட்டது ஏன் என நாம் ஆராய்தல் தகும்.

வடக்கே அராபிய-பெர்பர் மரபினரான மூர்கள் பெரும்பாலும் கால்நடை மேய்த்து வாழ்ந்தனர். தெற்கே செனகல் ஆற்றங்கரையில் ஹல்புலார், சோனின்கே, வோலோஃப் ஆகிய கறுப்பின மக்கள் பயிர் செய்தனர். மூர்களிடம் அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த ஹராத்தீன் மக்கள் நிறத்தால் கறுப்பர், மொழியால் அராபியர். எனவே இப்பிளவு நிறத்தை மட்டும் பொறுத்ததன்று.

பிரெஞ்சு ஆட்சியில் ஆற்றங்கரை மக்களே மிகுதியாகப் பிரெஞ்சுப் பள்ளிகளில் பயின்று அரசு அலுவல்களில் அமர்ந்தனர். 1960 நவம்பர் 28-இல் நாடு விடுதலை பெற்றபோது ஆட்சித் தலைமை மூர்களிடம் வந்தது. 1965-இல் இடைநிலைப் பள்ளிகளில் அரபு மொழி கட்டாயமாக்கப்பட்டது. தங்கள் எதிர்காலத்திற்கு அஞ்சிய கறுப்பின மாணவர் 1966-இல் கிளர்ந்தெழுந்தனர். தலைநகர் நுவாக்சோட்டில் மோதல்கள் மூண்டன.

மொழிப் பூசலோடு நிலப் பூசலும் சேர்ந்தது. 1970-களின் கொடிய வறட்சி மேய்ச்சல் மக்களைத் தெற்கே தள்ளியது. செனகல் ஆற்று நீரைத் தேக்க அணைகள் எழுந்தபோது கரையோர நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. 1983-இன் நிலச் சட்டமோ மரபுவழி நில உரிமையை நீக்கி, வடக்கத்தியச் செல்வர்கள் அங்கே நிலம் பெற வழி திறந்தது.

1989 ஏப்ரலில் எல்லையில் உழவர்க்கும் மேய்ப்பர்க்கும் எழுந்த சச்சரவு மௌரித்தானியாவிலும் செனகலிலும் படுகொலைகளாக வெடித்தது. அதைக் காரணமாக்கி, கறுப்பினக் குடிமக்கள் பல்லாயிரவரின் அடையாளச் சீட்டுகளைப் பறித்து, அரசு அவர்களை ஆற்றுக்கு அப்பால் துரத்தியது. 1990-91-இல் கறுப்பினப் படைவீரர் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். இனால் என்னும் இடத்தில் விடுதலை நாளையொட்டி 28 வீரர் தூக்கிலிடப்பட்டனர்.

1993-இல் அரசு பொதுமன்னிப்புச் சட்டம் இயற்றி, குற்றம் புரிந்த படையினரை விசாரணையினின்று விடுவித்தது. கொன்றோர்க்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. கைம்பெண்களையோ எவரும் கேட்கவில்லை. 2008 முதல் 2012 வரை ஏறத்தாழ 24,000 அகதிகள் செனகலினின்று திரும்பினர். எனினும் இழந்த நிலத்தைப் பலர் மீண்டும் பெறவில்லை.

இது இசுலாமிய நாட்டின் குறை என நாம் ஒதுக்கிவிடல் ஆகாது. பெரும்பான்மையோர் கிறிஸ்தவராயிருந்த ருவாண்டாவில் 1994-இல் ஆலயங்களுக்குள்ளேயே மக்கள் வெட்டுண்டு மாண்டனர். பொதுவான வழிபாடு மக்களை ஒரே கூரையின்கீழ்ச் சேர்க்கலாம். நிலத்திலும் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் சமநிலை இல்லாதவிடத்து அது அவர்களை ஒரே மக்களாக்காது. உண்மையை மறைத்த மன்னிப்பு ஒப்புரவாகாது. ஒப்புரவைப் போதிக்கும் நாம், முதலாவது, இழந்தோர் பேச இடமளிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.