செம்பனையும் கூன்வண்டும்

மலேசியத் தமிழர் செம்பனை என்று அழைக்கும் எண்ணெய்ப் பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் ஜாவாத் தீவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு நான்கு கன்றுகள் வந்து சேர்ந்தன. மலாயாவில் அதை வணிகப் பயிராக முதலில் நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1917, இடம் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டம். (பின்னாளில் இவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்குப் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது.) கடல் கடந்து வந்தது மரம் மட்டும்தான். ஆப்பிரிக்காவில் அதன் பூவை மொய்க்கும் பூச்சிகள் உடன் வரவில்லை.

செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் தனித்தனியாக, வெவ்வேறு காலத்தில் தோன்றும். ஆகவே மகரந்தம் பெரும்பாலும் வேறொரு மரத்திலிருந்தே வரவேண்டும். காற்றே அதைச் சுமந்து செல்கிறது என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. ஆனால் மலேசியாவில் இளமரங்களின் குலைகள் சரியாகக் காய் பிடிக்காமல் அழுகின. சபா மாநிலத்தில் இந்தக் குறை இன்னும் கடுமையாக இருந்தது.

இதற்குத் தோட்டங்கள் கண்ட வழி மனிதக் கை. தொழிலாளர்கள் ஆண் பூவிலிருந்து மகரந்தத்தை உதிர்த்து, உலர்த்தி, டால்க் தூளுடன் கலந்து, பெண் பூவின் மீது ஊதுகருவியால் தூவினர். பெண் பூ மகரந்தத்தை ஏற்பது இரண்டொரு நாள்தான். அதனால் முள் நிறைந்த மட்டைகளை விலக்கிக்கொண்டு, சில நாளைக்கு ஒருமுறை அதே வரிசைக்குத் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டும். 1960-களில் ரப்பரை அழித்துச் செம்பனை நடுவது பெருகியது. பால்மரம் வெட்டிப் பழகிய தமிழர் பலரும் செம்பனை வேலைக்கு மாறினர். ஒரு பூச்சி செய்ய வேண்டிய வேலையை மனிதர் கூலிக்குச் செய்துகொண்டிருந்தது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

காற்றுக் கருத்தைச் சந்தேகித்தவர் யூனிலீவர் தோட்டங்களின் நிர்வாகி லெஸ்லி டேவிட்சன். கேமரூனில் ஆண் பூக்களைச் சிறு வண்டுகள் மொய்ப்பதையும், அங்கே கைத்தூவல் இல்லாமலே குலை நிறைவதையும் அவர் கண்டிருந்தார். அவர் முயற்சியால் பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் 1970-களின் பிற்பகுதியில் கேமரூனில் ஆய்வு செய்தார். எலிடோபியஸ் கேமரூனிகஸ் என்னும் கூன்வண்டு அவருக்குத் தக்கதாகப் பட்டது. மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் அது செயல்பட்டது. நான்கு மில்லிமீட்டருக்குள் அடங்கும் இந்த வண்டு, தென்னையைக் கொல்லும் சிவப்புக் கூன்வண்டின் தூரத்து உறவு. ஆனால் மரத்துக்குக் கேடு செய்யாது.

அது உண்பதும் முட்டையிடுவதும் ஆண் பூவில். பெண் பூவும் அதே சோம்பு மணத்தை வீசும். மணத்தை நம்பி வரும் வண்டு, அங்கே இரை இல்லாமல், உடலில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிட்டுப் போகிறது.

அயல்நாட்டுப் பூச்சியை விடுவது ஆபத்தான காரியம். மற்றப் பயிர்களைத் தின்னுமா என்று சோதித்து, மலேசியாவில் தனிமைப்படுத்தி வளர்த்த பிறகே, 1981 பிப்ரவரியில் ஜொகூரின் குளுவாங் பகுதித் தோட்டத்தில் வண்டுகள் விடப்பட்டன. அவை வேகமாகப் பரவின. குலைகள் கனத்தன, பருப்பின் அளவு கூடியது, கைத்தூவல் நின்றது. அது கூலிச் செலவின் மிச்சமாகவே கணக்கில் ஏறியது. தூவிய கைகளைப் பற்றிய பேச்சு குறைவு. 1985-இல் இதே வண்டு கேரளத்துக்கும் கொண்டுவரப்பட்டது.

வண்டு தழைக்க, வாடிய ஆண் பூ மரத்திலேயே இருக்க வேண்டும். அதற்குள்தான் குஞ்சுப் புழு வளர்கிறது. பூச்சிமருந்தையும் அளந்தே அடிக்க வேண்டும். கண்டபடி அடித்த மருந்து நன்மை செய்யும் பூச்சிகளைக் கொன்று, ஓலை தின்னும் புழுக்களைப் பெருக்கியதை மலேசியத் தோட்டங்கள் 1960-களிலேயே கண்டிருந்தன. அந்தப் புழுக்களை அழிக்கும் குளவிகளுக்குத் தேன் கிடைக்க, இன்று தோட்டச் சாலையோரம் டர்னெராவும் கொடிரோஸும் நடப்படுகின்றன. ஆனாலும் இந்தோனேசியாவில் காய்ப்பிடிப்பு குறைந்த சில தோட்டங்களில் கைத்தூவல் மறுபடி தொடங்கியிருக்கிறது.