குருவானவர் வராத ஞாயிறுகள்: கெடா தோட்டங்களும் ஆங்கிலிக்கன் வழிபாடும்

பாடாங் மேஹா, பாடாங் செராய், கூலிம் பக்கத்தில் மாதா கோயில் என்றால் விளக்கம் தேவையில்லை. ஜூலையில் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் திருவிழாவுக்குத் தோட்டத்து இந்துக் குடும்பங்களும் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவதுண்டு. ஆங்கிலிக்கன் சபை என்றால்தான், "அது கத்தோலிக்கமா, பெந்தெகொஸ்தேயா?" என்ற கேள்வி எழும்.

இரண்டும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவரின் அதிகாரத்திலிருந்து விலகிய இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்தது இது. பேராயர், குருவானவர், உதவி குரு என்ற பழைய படிநிலை, பீடம், அங்கி, திருநாள் வரிசை எல்லாம் இதில் உண்டு. ஆனால் குருவானவர் திருமணம் செய்துகொள்ளலாம். நெல்லைச் சபைகளில் அவரை 'ஐயர்' என்றும் அவர் மனைவியை 'ஐயரம்மா' என்றும் அழைப்பது பழைய வழக்கம். பேச்சை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கத்தோலிக்கர் செபம், திருப்பலி, திருமுழுக்கு, விவிலியம் என்பார்கள். இவர்கள் ஜெபம், ஆராதனை, ஞானஸ்நானம், வேதாகமம் என்பார்கள்.

இந்தச் சபைக்கு வேதாகமத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது ஜெப புத்தகம். முதல் பதிப்பு 1549இல் வந்தது. நிலைத்து நின்றது 1662ஆம் ஆண்டுப் பதிப்பு. அதன் பின்னணியில் ஒரு பிடிவாதம் இருந்தது. மக்களுக்குப் புரியாத மொழியில் பொது ஆராதனை நடத்தக்கூடாது என்று அச்சபையின் 39 கோட்பாடுகளில் 24ஆவது சொல்கிறது. லத்தீனுக்கு எதிராக எழுதப்பட்ட விதிதான். ஆனால் ஜெப புத்தகம் தமிழுக்கு வந்ததும் அதே விதியால்தான்.

நம் நாட்டில் இதன் தொடக்கம் தோட்டத்தில் இல்லை. பினாங்கு செயின்ட் ஜார்ஜ் ஆலயம் கைதிகளின் உழைப்பில் எழுந்து 1819இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது; அது கம்பெனி அதிகாரிகளுக்கான ஆலயம். தமிழருக்கான ஊழியம் பிறகுதான் வந்தது. இலங்கையில் நடந்ததைப் பார்த்தால் அதன் போக்கு விளங்கும். அங்கே 1854இல் காப்பித் தோட்டத் தமிழருக்கென்றே ஒரு மிஷன் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களை வரவழைத்தார்கள். தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள் அவர்கள்தாம். வெள்ளைக்காரப் பாதிரியார்களைப் பற்றி எழுதிய அளவுக்கு இந்த உபதேசியார்களைப் பற்றி நாம் எழுதவில்லை.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. இங்குள்ள குடும்பம் ஆங்கிலிக்கன். பாளையங்கோட்டையில் இருக்கும் அவர்கள் உறவினர் சி.எஸ்.ஐ. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் முதலிய சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாகின. கடல் கடந்து வந்தவர்களை அந்த இணைப்பு தொடவில்லை. அவர்கள் பழைய பெயரிலேயே நின்றார்கள். 1970இல் மேற்கு மலேசியத் திருமண்டலம் தனியாக அமைந்தது. 1973 முதல் 1994 வரை அதன் பேராயராக இருந்தவர் ஜான் சவரிமுத்து என்ற தமிழர். 1996இல் தென்கிழக்காசிய மாகாணம் உருவாகி, கேன்டர்பரியின் நேரடிப் பொறுப்பிலிருந்து இப்பகுதி விடுபட்டது.

சரி, ஒரு குருவானவருக்குப் பல தோட்டங்கள் என்றிருக்கும்போது வழிபாடு எப்படி நடக்கும்? ஆங்கிலிக்கன் முறையில் திருவிருந்து நடத்தக் குருவானவர் கட்டாயம் வேண்டும். காலை ஜெபத்துக்கும் மாலை ஜெபத்துக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. அனுமதி பெற்ற சபையார் ஒருவர் புத்தகத்தைத் திறந்து நடத்தலாம். படிக்கத் தெரிந்த கிராணியோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ இருந்தால் போதும். பாவ அறிக்கை, கர்த்தருடைய ஜெபம், சங்கீதம், பழைய ஏற்பாட்டுப் பாடம், புதிய ஏற்பாட்டுப் பாடம், விசுவாசப் பிரமாணம் எல்லாம் வரிசையாக அச்சில் இருக்கும். 150 சங்கீதங்களும் காலை, மாலை என்று பிரிக்கப்பட்டு 30 நாளில் முடியும். இருட்டோடு பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு வாரநாளில் மாலை ஜெபம்தான் தோது.

ஓர் இடத்தில் மட்டும் சொல் மாறும். பாவ அறிக்கைக்குப் பிறகு குருவானவர் சபையாரைப் பார்த்து 'உங்கள்' பாவங்களுக்கு மன்னிப்பை அறிவிப்பார். சபையார் ஒருவர் நடத்தினால் அப்படி அறிவிக்கக்கூடாது. 'எங்களை' மன்னியும் என்று தாமும் சேர்ந்து கேட்கும் ஜெபத்தைத்தான் வாசிக்க வேண்டும். லயத்து மக்களோடு நின்று அவர்களில் ஒருவராகவே ஒருவர் ஜெபம் நடத்தியதற்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் இருக்க முடியாது. பிறந்த குழந்தை பிழைக்காது என்ற நிலையில், மருத்துவச்சியோ பக்கத்து வீட்டுக்காரரோகூடத் தண்ணீர் தெளித்துத் திரித்துவத்தின் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதும் பழைய விதி. சாலை தூரமான இடங்களில் அது ஏட்டளவில் நின்ற விதி அல்ல.

கெடாவில் நாட்காட்டியும் ஒரு சோதனை. இங்கே அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் வெள்ளி, சனிதான் ஓய்வு, ஞாயிறு வேலைநாள். தீபகற்பத்தில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை என்றாலும், கெடா ஆசிரியருக்கும் மாணவருக்கும் அன்று இயல்பாகவே ஓய்வு. நண்பகலில் தொடங்கி மூன்று மணி வரை நீளும் சிலுவைத் தியானத்தில் அவர்கள் விடுப்பு எடுக்காமலே உட்காரலாம். ஆனால் உயிர்த்தெழுந்த ஞாயிறன்று விடியற்கால ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் சீருடை மாற்றிக்கொண்டு பள்ளிக்கு ஓட வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியானதும் இக்குடும்பங்கள் கூலிம், சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த் வீடமைப்புகளுக்குப் போயின. நகரத்து ஆலயத்தில் ஆங்கிலமும் மாண்டரினும் தமிழும் ஒரே கட்டடத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்துவது வழக்கம். அங்கே தமிழ் ஆராதனைக்கு வரும் இளையோரில் ஒரு பகுதிக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. பாட்டை ரோமன் எழுத்தில் திரையில் போட்டுச் சமாளிக்கிறார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் 1871இல் முடிந்த பழைய மொழிபெயர்ப்பின் வழிவந்த வேதாகமத் தமிழ் எளிதல்ல. 'ஸ்தோத்திரம்', 'இரட்சிப்பு', 'கிருபை' தமிழ்ப்பள்ளிப் பாடநூலில் வரும் சொற்களா?

புரியாத மொழியில் ஆராதனை கூடாது என்ற 24ஆவது கோட்பாடு இப்போது இரு பக்கமும் வெட்டுகிறது. பிள்ளைகளுக்குப் புரியும் ஆங்கிலத்துக்கே மாறிவிடலாம் என்று ஒரு சாரார் அதையே காட்டலாம். தமிழ்ப் பள்ளியில் படித்த எனக்கு அதில் உடன்பாடில்லை. புரியவில்லை என்றால் கற்றுக்கொடுக்கலாம். ஞாயிறு பள்ளியில் வேத வசனத்தோடு அரை மணி நேரம் தமிழ் எழுத்தும் சேர்த்தால், அடுத்த தலைமுறையிலும் குருவானவர் வராத நாளில் எழுந்து புத்தகத்தைத் திறக்க ஒருவர் இருப்பார்.