வார்டுக்குப் பக்கத்தில் வந்த கலம்: கார்-ரீ சிகிச்சையின் வரலாறு, வேலூர் வழியாக

பொத்துவில் தொடக்கம் கல்முனை வரையான எங்கள் கரையில் "மஹரகமக்கு எழுதிட்டாங்க" என்று ஒருவர் சொன்னால், என்ன வருத்தம் என்று மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. மஹரகமவில் இருப்பது அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை. அறுகம்பேயிலிருந்து அது 300 கிலோமீற்றருக்கு மேல். மொனராகலை வழியாக இரவு பஸ்ஸில் ஏறி, கிளினிக் கொப்பியையும் ஸ்கேன் படங்களையும் மடியில் வைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்து போவோர் எல்லா ஊரிலும் உண்டு. அப்படிப் போய்வந்த ஒரு கடற்றொழிலாளி என்னிடம் கேட்டார்: "இந்தியாவுல ரெத்தத்த எடுத்து, அதுக்குள்ள என்னமோ மாத்தி, திரும்ப ஏத்துறாங்களாமே. மெய்தானா தம்பி?"

மெய்தான். அதற்குப் பெயர் கார்-ரீ கலச் சிகிச்சை. ஆனால் அவருடைய கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது: அங்கே எப்படி முடிந்தது? இந்தக் கட்டுரை அதைத் தேடுகிறது. கார்-ரீயின் வரலாற்றைப் பெரும்பாலும் பரம்பரையலகை வடிவமைத்த விஞ்ஞானிகளின் கதையாகவே எழுதுகிறார்கள். அது முதற்பாதி. பிற்பாதி, அந்தக் கலத்தை எந்த இடத்தில் செய்வது என்பதைப் பற்றியது. அந்தப் பிற்பாதி வேலூரிலும் மும்பாயிலும் நடக்க முடிந்ததற்குக் காரணம், பல பத்தாண்டுகளுக்கு முன்பே அங்கே திறக்கப்பட்ட என்பு மச்சை மாற்று வார்டுகள் என்பதே என் முடிவு.

இரு கலங்களின் வேலை ஒன்றில்

உடலின் நிர்ப்பீடனத்தைப் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பலாம் என்ற எண்ணம் பழையது. 1891இல் நியூயோர்க்கில் வில்லியம் கோலி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கட்டி கண்ட நோயாளிக்குள் வேண்டுமென்றே பற்றீரியாவைச் செலுத்தினார். கட்டி சில வேளை சுருங்கியது, சில வேளை நோயாளியே இறந்தார். உள்ளே என்ன நடந்தது என்று சொல்ல அன்று யாருக்கும் வழியில்லை. 1961இல் ஜாக் மில்லர் தைமஸ் சுரப்பியின் வேலையைக் காட்டிய பிறகே ரீ-கலங்கள் என்ற கொல்லும் படை அறிவியலின் கண்ணில் பட்டது.

அதே காலத்தில் வேறொரு பக்கத்திலிருந்து சான்று வந்தது. டொனல் தோமஸ் 1957 முதல் என்பு மச்சை மாற்றைச் செய்துபார்த்து வந்தார். 1990இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். மாற்றப்பட்ட மச்சை வெறும் புதுக் குருதியை மட்டும் தரவில்லை. கொடையாளியின் ரீ-கலங்கள் எஞ்சியிருந்த குருதிப் புற்றுக் கலங்களைத் தேடிக் கொன்றன. கலமே மருந்தாகலாம் என்பதற்கு மனித உடலில் கிடைத்த முதல் உறுதியான சான்று இதுதான் என்று நான் கருதுகிறேன். கார்-ரீயின் வரலாற்றை எழுதுவோர் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்குக் குறையாகவே படுகிறது.

அடுத்தது இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம். ரீ-கலத்துக்குக் கொல்லத் தெரியும். ஆனால் இலக்குக் கலம் தன் உட்புரதத் துண்டை ஒரு தட்டில் வைத்து நீட்டினாலே அது அடையாளம் காணும். புற்றுக் கலங்கள் அந்தத் தட்டை ஒளித்துவிடும். பிறபொருளெதிரிக்கு அந்தத் தட்டு தேவையில்லை. கலத்தின் மேற்பரப்பில் இருப்பதை நேரே பற்றிக்கொள்ளும், ஆனால் தானாகக் கொல்லும் வலு அதற்குக் குறைவு. 1989இல் கிடியன் குரோஸும் செலிக் எஷ்ஹாரும் இவ்விரண்டையும் இணைத்தார்கள். பிறபொருளெதிரியின் பற்றும் முனையை ரீ-கலத்தின் சமிக்ஞைப் பகுதியோடு பொருத்தும் பரம்பரையலகைச் செய்து கலத்துக்குள் புகுத்தினார்கள். சிங்கம், ஆடு, பாம்பு கலந்ததாகக் கிரேக்கர் கற்பனை செய்த கைமெரா விலங்கின் பெயரே, கலத்தின் மேல் அமைந்து இலக்கைப் பற்றும் இந்த வாங்கிக்கும் வந்தது. கார் என்ற சுருக்கத்தின் முதலெழுத்து அதுதான்.

ஆய்வுகூடத்தில் அது கொன்றது. உடலுக்குள் போனதும் சில நாளில் சோர்ந்து மறைந்தது. ஒரு ரீ-கலம் பெருகி நிலைக்க இரண்டாவது சமிக்ஞை ஒன்றும் வேண்டும். 2002இல் நியூயோர்க்கில் மிஷெல் சடலேன் குழு சீடி28 என்ற பகுதியையும், 2004இல் மெம்பிஸ் நகரின் செயின்ற் ஜூட் வைத்தியசாலையில் டாரியோ கம்பானா குழு 4-1பீபீ என்ற பகுதியையும் வாங்கிக்குள் சேர்த்தன. இலக்காகத் தேர்ந்தது சீடி19. பீ-கலங்கள் எல்லாவற்றின் மேலும் இருக்கும் குறி அது. நல்ல பீ-கலங்களும் சேர்ந்து அழியும். ஆனால் அவை இல்லாமலும், பிறபொருளெதிரியை ஊசியால் ஏற்றிக்கொண்டு மனிதர் வாழலாம். இந்தத் தேர்வின் கூர்மைக்கு உரிய பாராட்டுக் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஈரலிலோ இதயத்திலோ இப்படிப் பலிகொடுக்கக்கூடிய கலம் எதுவும் இல்லை.

2010இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் குழு நாட்பட்ட குருதிப் புற்று நோயாளிகளுக்கு இந்தக் கலங்களை ஏற்றியது. அடுத்த ஆண்டு வெளியான முதல் அறிக்கையில் மூவரில் இருவர் நோயிலிருந்து முழுமையாக விடுபட்டிருந்தார்கள். 2012 ஏப்ரலில் பிலடெல்பியாச் சிறுவர் வைத்தியசாலையில் ஆறு வயது எமிலி வைட்ஹெட்டுக்கு ஏற்றியபோது, அவள் கடும் காய்ச்சலில் விழுந்து செயற்கைச் சுவாசத்துக்குப் போனாள். குருதியில் இன்ரலூக்கின்-6 என்ற சமிக்ஞைப் பொருள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அதைத் தடுக்கும் டொசிலிசுமாப் மூட்டுவாதத்துக்கான மருந்து. மூட்டுவாதம் இருந்த தன் மகளால் கார்ல் ஜூனுக்கு அந்த மருந்தைத் தெரிந்திருந்தது. கொடுத்த பின் அவள் தேறினாள். தன் ஏழாவது பிறந்தநாளில் கண் விழித்தாள். அந்த ஒரு மருந்தை அலுமாரியில் வைத்துக்கொண்டே கார்-ரீ செய்வது பின்னர் வழக்கமானது.

தொழிற்சாலையும் விலையும்

2017 ஓகஸ்ட் 30ஆம் திகதி அமெரிக்க மருந்து நிருவாகம் கிம்ரியா என்ற கார்-ரீ மருந்துக்கு அனுமதி கொடுத்தது. அன்றைய விலை 4,75,000 டொலர், ஒரே ஒரு தடவைக்கு. இரண்டு மாதத்துக்குள் வந்த யெஸ்கார்ட்டா 3,73,000 டொலர்.

இந்த விலைக்குப் பின்னால் ஒரு பயணம் இருக்கிறது. நோயாளியின் குருதியை இயந்திரத்தில் சுற்றவிட்டு வெண்குழியங்களைப் பிரித்தெடுப்பார்கள். அவற்றை உறையவைத்து நியூ ஜேர்சியின் மொரிஸ் பிளெயின்ஸ் போன்ற ஒரு தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். அங்கே, நோய் தரும் ஆற்றல் நீக்கப்பட்ட லென்ரி வைரசைக்கொண்டு பரம்பரையலகைப் புகுத்தி, கலங்களைப் பெருக்கி, சோதித்து, மறுபடி உறையவைத்துத் திருப்பி அனுப்புவார்கள். மூன்று வாரமோ அதற்கு மேலோ ஆகும். வேகமாக வளரும் புற்று அத்தனை நாள் காத்திருக்காது. கலம் வந்து சேருமுன் இறந்தவர்களும் உண்டு. ஒரு நோயாளிக்குச் செய்த கலம் இன்னொருவருக்கு உதவாது என்பதால், மாத்திரையைப் போல் ஆயிரக்கணக்கில் செய்து விலையைக் குறைக்கவும் இயலாது.

மும்பாய், பிறகு வேலூர்

இந்தியாவில் என்பு மச்சை மாற்று முதன்முதலாக 1983இல் மும்பாய் டாடா மெமோரியல் வைத்தியசாலையில் வெற்றிகரமாக நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேமன் சாண்டி 1986இல் தொடங்கினார். கார்-ரீ இந்தியாவில் வேரூன்றிய இடங்களிலும் இவ்விரண்டும் உண்டு. இதைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை.

மும்பாய் ஐஐடியில் ராகுல் புர்வாரின் ஆய்வுகூடம் வாங்கியை வடிவமைத்தது. கிம்ரியாவில் பற்றும் முனை எலியின் பிறபொருளெதிரியிலிருந்து வந்தது. இவர்கள் அதை மனிதப் புரதத்துக்கு நெருக்கமாக்கினார்கள். 2021 ஜூன் 4ஆம் திகதி டாடா நினைவு மையத்தின் நவி மும்பாய் மச்சை மாற்று வார்டில் முதல் நோயாளிக்கு ஏற்றப்பட்டது. 2023 ஒக்ரோபரில் நெக்ஸ்கார்19 என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4ஆம் திகதி இந்திய ஜனாதிபதி திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அறிமுகம் செய்தார். 64 நோயாளிகளின் முடிவு 2025இல் லான்செட் ஹெமற்றோலொஜி இதழில் வந்தது: கணிக்கக்கூடியவர்களில் நூற்றுக்கு 73 பேரளவில் நோய் பின்வாங்கியது. குருதிக் கலங்கள் ஆபத்தான அளவுக்குக் குறைவது பெரும்பாலானோரில் காணப்பட்டது என்பதையும் அதே கட்டுரை மறைக்காமல் எழுதியது. அறிமுகமானபோது விலை இந்திய ரூபாயில் 30 இலட்சத்துக்கு மேல். அமெரிக்க விலையின் பத்தில் ஒரு பங்களவுதான்; ஆனால் எங்கள் ரூபாயில் ஒரு கோடியைத் தாண்டிவிடும்.

வேலூர் வேறு வழியில் போனது. அந்த மருத்துவமனையின் வேர் எங்கள் தீவில் தொடங்குகிறது என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1900இல் ஒற்றைக் கட்டிலோடு அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர், அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர்.

வேலூரில் நடந்த வெல்கார்ட் ஆய்வு, தொழிற்சாலைக்கு அனுப்புவதையே விட்டுவிட்டது. நோயாளி படுத்திருக்கும் வைத்தியசாலைக்குள்ளேயே மூடிய, தானியங்கி இயந்திரம் ஒன்றில் கலத்தைச் செய்தார்கள். ஒன்பது நாள்வரையே ஆனது. உறையவைக்காமல், செய்த கையோடு ஏற்றினார்கள். பத்து நோயாளிகள். 2025இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவித்தபடி, 15 மாதங்களுக்குப் பிறகும் நூற்றுக்கு 80 பேரில் புற்று இல்லை. பத்துப் பேர் சிறு எண்ணிக்கை, அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர இயலாது. ஆயினும் கலத்தை வார்டுக்குப் பக்கத்திலேயே செய்யலாம், ஒன்பது நாளில் செய்யலாம் என்பது அங்கே கண்கூடானது. அதே மருத்துவமனையில் அலோக் ஸ்ரீவஸ்தவா குழு, லென்ரி வைரசால் மாற்றிய மூலக் கலங்களைக்கொண்டு ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்குக் குருதிப்போக்கை நிறுத்தியதும், 2024 டிசம்பரில் அது வெளியானதும் இதே வேலைத்திறனின் இன்னொரு விளைச்சல்.

ஏன் அங்கே? மச்சை மாற்று வார்டு என்றால் குருதிக் கலங்களைப் பிரிக்கும் இயந்திரம், மூலக் கலங்களை எண்ணும் கருவி, வெண்குழியம் அற்றுப்போன நோயாளிக்குத் தொற்று வராமல் காக்கும் அறை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டதும் காலை வரை காத்திராமல் வைத்தியரை எழுப்பத் தெரிந்த தாதி. கார்-ரீக்கு வேண்டியவையும் இவைதாம். புதிதாக வேண்டியது வைரசும் கலம் வளர்க்கும் இயந்திரமும். அவற்றைப் பணத்தால் வாங்கலாம். அந்தத் தாதியை உருவாக்க இருபது வருடம் போகிறது.

மஹரகமவிலும் மச்சை மாற்றுப் பிரிவு இயங்குகிறது. எங்கள் நாட்டில் கார்-ரீ என்றைக்காவது வருமானால் அதன் வாசல் அதுவாகத்தான் இருக்கும். 2016இல் கதீஜா அறக்கட்டளை முன்னெடுத்த நிதிசேகரிப்பில், அபேக்ஷாவுக்கு ஒரு பெற் ஸ்கேன் இயந்திரம் வாங்க நாட்டு மக்கள் இன மத வேறுபாடு பாராமல் இருபது கோடி ரூபாய் கொடுத்தார்கள். இயந்திரம் என்றால் எங்கள் மக்கள் கொடுப்பார்கள். பயிற்சி பெற்ற கைகளுக்கு அரசு கொடுக்கவேண்டும்.

அந்தக் கடற்றொழிலாளிக்கு நான் சொன்ன பதிலில் ஒரு கசப்பும் இருந்தது. அவருக்கு வந்திருப்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை பாக்கு மெல்லும் எங்கள் நாட்டில் ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்று அதுதான். கார்-ரீ இன்றுவரை நன்றாக வென்றது குருதியிலும் நிணநீரிலும் என்பு மச்சையிலும் வரும் புற்றுகளை. திண்மக் கட்டிக்குள் கலங்கள் நுழையவே திணறுகின்றன. உள்ளே போனவையும் அடங்கிவிடுகின்றன. 2024இல் அமெரிக்கா மெலனோமாவுக்கும் ஓர் அரிய மென்னிழையப் புற்றுக்கும் வேறு வகை ரீ-கல மருந்துகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. வாய்ப் புற்றுக்கு இன்னும் ஒன்றுமில்லை. இந்தச் சிகிச்சை அவருக்கில்லை, மகரூப்பின் பேரனைப் போன்ற குருதிப் புற்றுப் பிள்ளைகளுக்குத்தான் என்று தெரிந்தவர் பெயரைச் சொல்லி விளக்கினேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்காவது வரட்டும்" என்றார்.

வந்தாலும் தூரம் தீராது. ஏற்றிய பின் நான்கு வாரம், சிகிச்சை கொடுத்த நிலையத்திலிருந்து இரண்டு மணித்தியால எல்லைக்குள் தங்கவேண்டும் என்பது அமெரிக்க விதியாக இருந்தது. 2025 ஜூனில் அதை இரண்டு வாரமாகக் குறைத்தார்கள். அப்படி ஒரு நிலையம் மட்டக்களப்பிலேயே அமைந்தது என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் கல்முனைக்காரர் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குத் தாராளமாகப் போய்விடலாம். பொத்துவிலிலிருந்து அது நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். கரையோர வீதியில் ஊருக்கு ஊர் நெரிசல். அறுகம்பேக்காரருக்கு அந்த எல்லை மட்டக்களப்புக்குச் சற்று முன்னாலேயே முடிந்துவிடுகிறது.