டிரம்ஸ் தொகுதியும் இலத்திரனியற் கருவிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்து உயர்ந்து நிற்கும் ஓர்ஸ் ஹில், தமிழில் உவர்மலை என வழங்குவது. இத்துறைமுகத்துக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் 1957 இல் இலங்கை அரசிடம் ஒப்படைத்தனர். அவர்களுடையவை போன்ற படை அணிவகுப்புகளில் பலர் தனித்தனியே சுமந்து முழக்கிய முரசுகளே, ஒருவர் அமர்ந்து வாசிக்கும் டிரம்ஸ் தொகுதியாகப் பின்னர் ஒன்றுசேர்ந்தன. அமெரிக்கரான வில்லியம் லட்விக் 1909 இல் உருவாக்கிய கால்மிதி இவ்விணைப்பைச் செம்மைப்படுத்தியது. பெருமுரசு காலுக்குரியதாக, கைகள் இரண்டும் ஏனைய கருவிகளுக்கு விடுதலை பெற்றன. எனவே, தூய தோற்கருவியொன்றை இலத்திரனியல் வந்து மாசுபடுத்திற்று என்போர் வாதம் வரலாற்றோடு பொருந்துவதன்று. டிரம்ஸ் பிறக்கும்போதே பாதி இயந்திரமாகத்தான் பிறந்தது.

உண்மையான வினா வேறு. தாளத்தின் காலத்தை நிர்ணயிப்பது கையா, இயந்திரமா என்பதே அது.

1980 இல் வெளிவந்த லின் எல்.எம்.-1, ரோலண்ட் டி.ஆர்.-808 ஆகியவை வாசிப்போர் இன்றியே தாளமிடும் இயந்திரங்கள். மறுபுறம், 1981 இல் வந்த சிமன்ஸ் கருவியின் அறுகோணத் தட்டுகளைக் குச்சியால் அடித்தாலன்றி ஒலி பிறவாது. கிங் கிரிம்சன் குழுவின் பில் புரூபோர்ட் இத்தட்டுகளைத் தோல் முரசுகளோடு சேர்த்தே கையாண்டார். 1981 இல் பில் கொலின்ஸ் வெளியிட்ட 'இன் தி எயர் டுநைட்' பாடலிலோ தாள இயந்திரம் தொடக்கம் முதலே ஒலிக்க, உண்மையான முரசுகள் நெடுநேரங் கழித்தே வந்து சேர்கின்றன.

தோல் முரசிலேயே இலத்திரனியலைப் பொருத்தும் முறையும் உண்டு. தோலின் விளிம்பிற் பொருத்தப்பட்ட பீசோ பளிங்கு, அடியின் அதிர்வைச் சிறு மின்துடிப்பாக மாற்றுகிறது. அத்துடிப்பு வேறொரு கருவியில் முன்பதிவான ஒலியை எழுப்புகிறது. கேட்பதற்கு எளிது, செய்வதற்குத் தொல்லையானது. அயலிலுள்ள முரசின் அதிர்வும் பளிங்கைத் தூண்டலாம். ஓரடி ஈரடியாகவும் பதிவாகலாம். இவற்றைத் தவிர்க்கத் துடிப்பின் எல்லையை உயர்த்தினால் மெல்லிய அடிகள் மறைந்துபோகும். நுண்மையை இழந்தே நம்பகத்தைப் பெற வேண்டியுள்ளது.

தமிழ்த் திரையிசையில் இம்மாற்றம் 1986 இன் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' ஆகிய படங்களுக்கு இளையராஜா அமைத்த இசையில் வெளிப்படையாகத் தெரிந்தது. 1992 இல் 'ரோஜா' படத்துடன் ஏ. ஆர். ரகுமான் வந்த பின், கணினி வகுத்த காலத்துக்குக் கலைஞர் இசைந்து வாசிப்பது ஒலிப்பதிவுக்கூட வழக்காயிற்று. ஆயினும் அதே ரகுமானுக்குச் சிவமணியின் கை தேவைப்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மேடையின் கதை வேறு. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் ஈழத்துத் துள்ளிசையை வளர்த்தபோது, திருகோணமலைக்குப் பரமேஸ்–கோணேஸ் குழுவினர் பெயர் தேடித் தந்தனர். இத்தகைய மெல்லிசை மேடைகளுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததே ரோலண்ட் நிறுவனம் 1985 இல் அறிமுகப்படுத்திய எட்டுத் தட்டு ஆக்டாபேட். முதல் வடிவத்துக்குச் சொந்தக் குரல் இல்லை. மிடி இணைப்பின் வழியே வேறொரு கருவியையே அது இயக்கியது. பின்னைய வடிவங்களில் ஒலிகள் உள்ளேயே அமைந்தன. டிரம்ஸ் வாசிப்பவரின் கையெட்டும் தூரத்தில் 'பேட்' ஒன்று நின்றால் உறுமியும் தவிலும் ஒருவரிடமே கிடைக்கும். இதனால் குழுவின் செலவு குறைந்தது. வாத்தியக்காரர் சிலரின் வருவாயும் குறைந்தது. தபேலாவின் இடந்தோலை மணிக்கட்டால் அழுத்தி எழுப்பும் கும்கியைத் தட்டில் அடித்துப் பெறவும் இயலாது. எனினும் காலம் வாசிப்பவர் கையிலேயே இருந்தது. பாடகர் ஓரடி தாமதித்தால் அவரும் தாமதிப்பார்; ஒலிப்பதிவுக்கூடத்துக் கணினி அவ்வாறு காத்திருப்பதில்லை.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்பிறப்பாக்கி இல்லாத மேடையில் பேட் அப்போது வெறும் இறப்பர்த் தட்டாகிவிடும். அதன் அருகேயிருக்கும் டிரம்ஸ் மட்டும், ஒலிபெருக்கியின்றி, முன்வரிசையோருக்குக் கேட்கும்.