ஒரு ஸ்பீக்கரிலிருந்து ஐந்து வரை: சின்ன அறைக்கு எதை முதலில் வாங்குவது?

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் திகதி தொடங்கியது. அதற்குப் பிறகு பல தசாப்தங்களுக்கு வீட்டுக்கு ஒரு வானொலிப் பெட்டி, அதில் ஒரு ஸ்பீக்கர், அதன் முன்னால் முழுக் குடும்பமும் என்றுதான் இருந்தது. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டு, நம்மவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் இரண்டு ஸ்பீக்கர் வைத்த கசட் ரேடியோக்கள் சாதாரண வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன.

இப்போது ஹெவ்லொக் டவுன் தொடர்மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையையே "ஹோம் தியேட்டர்" ஆக்கப் பார்க்கிறோம். ஆசை பிழையில்லை. ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதிலிருந்து இறக்குமதிச் சாமான் எதுவும் மலிவில்லை. மாதச் சம்பளக்காரர் தவணைக்கு எடுத்துவிட்டு ஏமாறக்கூடாது. இந்த ஐந்து ஸ்பீக்கரும் எந்த வரிசையில் உலகத்துக்கு வந்தனவோ, அதே வரிசையில் வாங்கினால் காசு வீணாகாது என்பது எங்கள் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் வந்தது இடம், வலம். இங்கிலாந்தின் அலன் புளும்லைன் என்ற பொறியியலாளர் மனைவியோடு படம் பார்க்கப் போனாராம். நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் நிற்க, குரல் வேறு பக்கத்திலிருந்து வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். 1931 டிசம்பரில் ஸ்டீரியோவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சத்தத்தைக் கூட்டுவது அவர் நோக்கமல்ல. சத்தம் வரவேண்டிய இடத்திலிருந்து வரவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது நடு. 1933 ஏப்ரலில் பெல் ஆய்வுகூடத்தார் பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவை வொஷிங்டன் மண்டபத்துக்குக் கம்பி வழியாகக் கொண்டுபோனபோது மூன்று தடங்களைப் பாவித்தார்கள். ஓரத்தில் இருப்பவருக்கும் நடுவிலிருந்து வருவது நடுவிலேயே கேட்க அந்த மூன்றாவது தடம் உதவியது. 1953இல் வந்த 'தி ரோப்' படத்தில் நான்கு தடங்கள். மூன்று திரைக்குப் பின்னால், ஒன்று மட்டும் பார்வையாளரைச் சுற்றி.

அந்த நான்காவதுதான் சரவுண்ட். அது எப்போதும் கடைக்குட்டிதான். 1970களில் வந்த டொல்பி ஸ்டீரியோவிலும் பின்பக்கத்துக்கு ஒரே தடம். ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்திலேயே டேவிட் ஹாஃப்ளர் என்ற அமெரிக்கர் இன்னும் மலிவான வழி ஒன்றைக் காட்டினார். பின் ஸ்பீக்கர்களை அம்பிளிபயரின் இடது, வலது நேர் முனைகளுக்கு நடுவே இணைத்தார். இரண்டு பக்கமும் ஒன்றாக வரும் குரல் அங்கே அடங்கிவிடும். வேறுபடும் எதிரொலி மட்டும் பின்னால் கேட்கும். (இன்றைய சின்ன டிஜிட்டல் அம்பிளிபயர்களில் இதைச் செய்து பார்க்க வேண்டாம், எரிந்துவிடலாம்.)

இன்று நாம் 5.1 என்று சொல்லும் டொல்பி டிஜிட்டல் 1992இல் 'பெட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு தியேட்டருக்கு வந்தது. தமிழில் 1995இல் 'குருதிப்புனல்' டொல்பி ஸ்டீரியோவிலும், 1996இல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ் ஒலியிலும் வந்தன. அந்தப் படங்களிலும் வசனம் முன்னாலிருந்துதான் வந்தது. மழை, கைதட்டல், ஹெலிகொப்டர் போன்றவைதான் பின்னால் போயின.

இனி கடைக்குப் போவோம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ யுனிட்டி பிளாஸாவிலோ விலை கேட்கும் முன் இவற்றை மனதில் வையுங்கள்.

1. காசில் பெரும்பங்கை முன் ஸ்பீக்கர்களுக்குக் கொடுங்கள். நல்ல இரண்டு போதும், தொடங்கலாம். உம்மா, வாப்பா வசனம் விளங்கவில்லை என்று சொன்னால் அடுத்து வாங்க வேண்டியது நடு ஸ்பீக்கர்.

2. பின் ஸ்பீக்கர் இரண்டும் சின்னதாக, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. சோபா சுவரோடு ஒட்டியிருந்தால் அவற்றைப் பின் மூலையில் வைக்காமல், காதுக்குச் சற்று மேலே பக்கச் சுவரில் மாட்டுங்கள். சர்வதேசப் பரிந்துரையும் முன் நடுவிலிருந்து 100 முதல் 120 பாகை என்றுதான் சொல்கிறது. அதாவது பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால்.

3. பெட்டியில் 5.1 என்று இருந்தால் மட்டும் போதாது. பல மலிவு செட்களில் டீகோடர் இல்லை. டீவியிலிருந்து இரண்டு தடம்தான் வரும், பின்னால் கேட்பது அதன் பிரதி. டொல்பி டிஜிட்டல் டீகோடர் இருக்கிறதா, ஒப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ ஆர்க் துளை இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல நிலையிலுள்ள பாவித்த ரிசீவர் பல நேரம் புதுப் பெட்டியைவிட மேல்.

4. பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கும் வாட் கணக்கை நம்பவேண்டாம். ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். வாட் இரட்டிப்பானாலும் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான்.

5. சப்வூபரைக் கடைசியில் வாங்குங்கள். 1974இல் 'எர்த்குவேக்' படத்துக்காகத் தியேட்டர்களில் ராட்சத பேஸ் பெட்டிகளை வைத்தார்கள், நிலநடுக்கத்தை உணர வைப்பதற்காக! 40 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் எட்டரை மீற்றர். நம் தொடர்மாடிச் சுவர் அதை நிறுத்தாது. அயலவரின் ஹக்கைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நாம், கீழ்மாடியில் தொட்டிலில் தூங்கும் குழந்தையையும் நினைக்க வேண்டும். சின்ன சப்வூபரை, பொதுச் சுவரிலிருந்து தள்ளி, தடித்த ரப்பர் விரிப்பின் மேல் வைத்தால் போதும்.

ஒரே நாளில் ஐந்தையும் வாங்கத் தேவையில்லை. இந்த வருடம் இரண்டு, அடுத்த போனஸுக்கு நடு, பிறகு மற்றவை. உலகத்துக்கே அறுபது வருடம் எடுத்தது, நமக்கு இரண்டு மூன்று வருடம் எடுத்தால் என்ன?

வெள்ளவத்தை சவோயில் பழைய காலத்துப் படங்களை எப்படிக் கேட்டீர்கள் என்று மூத்தவர்கள் கீழே எழுதுங்கள். செட் வாங்க இருக்கும் நண்பருக்கு இதைப் பகிருங்கள்.