தார்நாகாவின் பெருவீதி

தார்நாகா என்னும் பெயரைக் கேட்டதும் தமிழர் பலருக்குச் சாலைக்கு ஊற்றும் தாரே நினைவுக்கு வரும். அந்தத் தாருக்கும் ஹைதராபாத்தின் இந்தப் பகுதிக்கும் உறவு ஏதுமில்லை. உருது மொழியில் தார் என்றால் கம்பி. நாகா என்றால் காவற்சாவடி. நிஜாம் ஆட்சிக் காலத்தில் இங்கே விரிந்து கிடந்த ஒரு பெரிய பழத்தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி இட்டுக் காவலும் வைத்திருந்தார்கள் என்றும், அதனால் வந்ததே இப்பெயர் என்றும் சொல்லப்படுகிறது. அயலார் உள்ளே வாராதபடி தடுத்த ஓரிடத்தின் பெயரை, வந்தேறியவர்களாலேயே நிறைந்துவிட்ட ஒரு வட்டாரம் தாங்கி நிற்பது வேடிக்கைதான்.

சிகந்தராபாத்திலிருந்து மெட்டுகுடா வழியாக உப்பலுக்கும், அங்கிருந்து வாரங்கலுக்கும் செல்லும் நெடுஞ்சாலையே தார்நாகாவின் பெருவீதி. வடக்கே லாலாப்பேட்டையிலிருந்தும் தெற்கே உஸ்மானியா பல்கலைக்கழகத்திலிருந்தும் வரும் சாலைகள் அதனைச் சந்திக்கும் நாற்சந்தி ஊரின் நடு. நம் பக்கத்துச் சிற்றூர்களில் கடைவீதி என்பது தேரோடும் வீதியை ஒட்டியோ வாரச்சந்தையை ஒட்டியோ தானாக வளரும். இவ்வீதிக்கு அத்தகைய பிறப்பு இல்லை. அரசாங்க ஆணைகள் முதலில் வந்தன. கடைகள் பிறகு வந்தன.

பல்கலைக்கழகம் எழுந்த அடிக்மேட் நிலத்தின் ஒரு பகுதி, 1824-ஆம் ஆண்டில் மறைந்த உருதுக் கவிஞர் மாஹ் லகா பாய் சந்தாவின் ஜாகீராக இருந்தது என்பர். உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918-இல் நிறுவப்பட்டபோது அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. நகரின் நடுவே வாடகை வீடுகளிற் பாடம் நடந்தது. எகிப்தில் ஹீலியோபோலிஸ் நகரை அமைப்பதில் பங்குகொண்ட பெல்ஜியக் கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் ஜாஸ்பர் வகுத்த திட்டப்படி, கலைக் கல்லூரிக்கு 1934-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1939-இல் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் பிறகே இவ்வட்டாரத்தில் மனித நடமாட்டம் பெருகலாயிற்று.

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்ட நாம் இவ்விடத்தில் சற்று நிற்காமற் போக இயலாது. இப்பல்கலைக்கழகத்திற் பயிற்றுமொழி உருது. மருத்துவமும் பொறியியலும்கூட அம்மொழியிலேயே கற்பிக்கப்பட்டன. அதற்குரிய நூல்களை ஆக்க 1917-இலேயே தாருல் தர்ஜுமா என்னும் மொழிபெயர்ப்பு நிலையம் அமைக்கப்பட்டது. அறிஞர் அப்துல் ஹக் அதன் முதல் தலைவர். நூற்றுக்கணக்கான நூல்கள் வெளிவந்தன. கலைச்சொற்கள் பல்லாயிரம் ஆக்கப்பட்டன. ஏறக்குறைய அதே வேளையில், 1916-இல், சேலத்தில் ராஜாஜி முதலியோர் தமிழில் அறிவியற் கலைச்சொற்கள் சமைக்க ஒரு சங்கம் கண்டனர். சேலத்தார்க்கு ஆர்வம் மட்டுமே முதல். ஹைதராபாத்துக்கு அரசின் கருவூலமே துணை. எனினும் உஸ்மானியாவின் முயற்சி முப்பது ஆண்டுகளே நீடித்தது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து நிஜாம் ஆட்சி முடிவுற்ற பின் ஆங்கிலம் பயிற்றுமொழியாயிற்று. அச்சமஸ்தானத்து மக்களுட் பெரும்பாலோர் பேசியவை தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் என்பதை மறந்து தொடங்கிய முயற்சி அது என்னும் குறை உண்மையே. ஆயினும் இந்திய மொழி ஒன்றில் உயர்கல்வி முழுவதையும் தர முடியும் என்று மெய்ப்பித்துக் காட்டிய இடம், நம்மவர் நாள்தோறும் பேருந்துக்குக் காத்து நிற்கும் இச்சந்திக்கு மிக அருகில் இருக்கிறது. அதனை அறிந்தோர் சிலரே.

அடுத்து வந்தவை ஆராய்ச்சிக் கூடங்கள். 1944-இல் சமஸ்தானம் நிறுவிய மத்திய ஆய்வுக்கூடங்களை 1956-இல் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் ஏற்றது. 1989 முதல் அதற்கு இந்திய இரசாயனத் தொழில்நுட்பக் கழகம் என்று பெயர். 1961-இல் தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1977-இல் தொடங்கிய செல், மூலக்கூறு உயிரியல் மையம் 1987-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இவையெல்லாம் ஒரே நெடுஞ்சாலையின் மருங்கில் அமைந்தமையால், வீதியின் ஓரங்களில் நெடிய மதில்கள் எழுந்தன. கம்பிவேலி போய் மதில் வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

இவற்றுள் நம்மவர் உரிமையோடு நினைக்கத்தக்க நிலையம் ஒன்று உண்டு. 1918-இல் நீலகிரிக் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஓர் அறையில், ஸர் ராபர்ட் மக்காரிஸன் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். தவிடு நீக்கித் தீட்டிய அரிசியையே உண்பாருக்கு வரும் நோய் அது. சோற்றையே உணவாகக் கொண்ட நமக்கு அயலான செய்தியன்று. அவ்வோர் அறை 1928-இல் உணவூட்ட ஆராய்ச்சிக்கூடமாக விரிந்தது. நம் நாட்டு உணவுப் பொருள்களின் சத்தை அளந்து கூறும் அட்டவணை நூல் 1937-இல் அங்கிருந்தே முதலில் வெளிவந்தது. 1958-இல் அக்கூடம் முழுவதும் மலையிறங்கித் தார்நாகாவுக்குக் குடிபெயர்ந்தது. 1969-இல் தேசிய உணவூட்ட நிலையம் என்னும் பெயர் பெற்றது. சேலத்திற் பிறந்த டாக்டர் கோ. கோபாலன் இதன் இயக்குநராக விளங்கி, 1974-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையை ஏற்றார். அவரும் துணைவர் இருவரும் திருத்தி அமைத்த அட்டவணை 1971-இல் வெளிவந்தது. 528 பொருள்களை ஆராய்ந்த புதிய அட்டவணை 2017-இல் வந்தது. கேழ்வரகில் எத்தனை சுண்ணாம்புச் சத்து, முருங்கைக் கீரையில் எத்தனை இரும்புச் சத்து என்று நாடெங்கும் மருத்துவர் எடுத்துக் கூறும் கணக்கு, தார்நாகாவில் எழுதப்படும் கணக்கு.

தமிழர் இப்பக்கம் வந்தது அதற்கும் முந்திய கதை. 1806-இல் சிகந்தராபாத் பாளையம் ஏற்பட்ட பின் ஆங்கிலேயப் படையைத் தொடர்ந்து வணிகரும் எழுத்தரும் தெற்கிலிருந்து வந்தனர். மஹபூப் கல்லூரி என்று பின்னாளிற் பெயர் பெற்ற பள்ளியை 1862-இல் சோமசுந்தர முதலியார் நிறுவினார். லாலாகுடா ரெயில்வே பட்டறை 1893-இல் ஏற்பட்டது. 1966-இல் சிகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மத்திய ரெயில்வே அமைந்தபோது, விஜயவாடா, ஹுப்ளி பிரிவுகள் தென்னக ரெயில்வேயிலிருந்து பிரித்து இதனுடன் சேர்க்கப்பட்டன. உத்தியோகத்தோடு வந்தவர் பணி ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பாமல் இங்கேயே மனை வாங்கி வீடு கட்டுவதும் இயல்பாயிற்று.

அவ்வீடுகளிற் பலவும் இன்று இல்லை. தோட்டத்தோடு கூடிய தனி வீடுகள் இடிபட்டு, அம்மனைகளில் அடுக்கு வீடுகள் எழுந்துள்ளன. பெருவீதியின் இருமருங்கும் கிளைத்த தெருக்களுக்கு யாரும் பெயர் சூட்டவில்லை. முதலாம் எண், இரண்டாம் எண் என்றே அவை வழங்குகின்றன. பெரியார் பெயரோ தெய்வத்தின் பெயரோ இல்லாத தெரு நம்மவர்க்குச் சற்று வெறுமையாகவே தோன்றும்.

வேலியின் நினைவு ஒருமுறை திரும்பவும் வந்தது. 1969-இல் தனித் தெலுங்கானாக் கிளர்ச்சி எழுந்தபோது உஸ்மானியா மாணவர்களே முன்னின்றனர். 2009-இன் இறுதியில் அக்கிளர்ச்சி மீண்டும் மூண்டபோது பல்கலைக்கழக வாயிலருகே காவல் துறையினர் முள்கம்பித் தடுப்புகளை நிறுத்தினர். கண்ணீர்ப்புகையும் கடையடைப்பும் பெருவீதிக்குப் பழக்கமாயின. 2014 ஜூன் 2-ஆம் நாள் தெலுங்கானா மாநிலம் பிறந்தது.

2017 நவம்பரில் மெட்ரோ ரெயில் ஓடத் தொடங்கியது. தூண்கள் வீதியின் நடுவை அடைத்துக்கொண்டன. கடைகளின் முகப்பில் நிழல் விழுந்தது. ஆனால் மதிலைவிட உயரத்திற் செல்லும் வண்டியிலிருந்து பார்ப்பார்க்கு அவற்றின் உட்புறத்து மரங்கள் தெரிகின்றன. தார்நாகாவை அடுத்து, உப்பல் திசையில் வரும் நிலையம் ஹப்சிகுடா. ஹப்ஷி என்பது அபிசீனியாவிலிருந்து வந்தோரைக் குறிக்கும் சொல். நிஜாமின் காவற்படையிற் பணிபுரியக் கடல் கடந்து வந்த ஆப்பிரிக்கரின் பெயரையே அவ்வூர் பெற்றிருக்கிறது என்பர்.